கன்டெய்னருக்குச் சுவர் எப்போது வந்தது?

லினக்ஸ் கெர்னலுக்குள் "கன்டெய்னர்" என்று ஒரு பொருள் கிடையாது. ஃப்ரீபிஎஸ்டியில் "ஜெயில்" உண்டு, சொலாரிஸில் "சோன்" உண்டு. இரண்டும் அந்தந்தக் கெர்னலுக்குப் பெயர் சொல்லித் தெரிந்தவை. லினக்ஸில் இருப்பது வெறும் ப்ராசஸ். அதன் கண்ணுக்கு எது தெரியலாம், எவ்வளவு மெமரி எடுக்கலாம், எதைச் செய்ய உரிமை உண்டு என்று பல தனித்தனி அமைப்புகளைப் போட்டு இறுக்கிக் கட்டினால், வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது ஒரு பெட்டி மாதிரி தெரிகிறது. அதற்குத்தான் கன்டெய்னர்னு பேர் வைத்திருக்கிறோம்.

கொஞ்ச நாளாக இந்த வரலாற்றைத் துருவிக்கொண்டிருக்கிறேன். பழைய ஆய்வுக் கட்டுரைகள், கெர்னல் பதிப்புக் குறிப்புகள், பாதுகாப்பு ஓட்டை அறிவிப்புகள் என்று தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். அப்படி அடுக்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. இன்று பேங்க் ஆப் முதல் மருத்துவமனைப் பதிவுகள் வரை கன்டெய்னரில் ஓடுகின்றன. அவற்றைப் பிரித்துவைக்கும் சுவரை யார், எதற்காகக் கட்டினார்கள்? பாதுகாப்புக்காகக் கட்டியதா, வேறு எதற்கோ கட்டியதை நாம் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறோமா?

பெயர் செய்த வேலை

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் "ஐடியல் எக்ஸ்" கப்பல் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 உலோகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. சரக்குப் போக்குவரத்தையே மாற்றிய பயணம் அது. டாக்கர் தன் திமிங்கலச் சின்னத்தின் முதுகில் ஏற்றியிருப்பது அதே பெட்டிகளைத்தான். எந்தச் சரக்காக இருந்தாலும் ஒரே அளவுப் பெட்டி, எந்தத் துறைமுகத்திலும் அதே கிரேன் தூக்கும். மென்பொருளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற உவமை ரொம்பப் பொருத்தமானது.

ஆனால் உவமையோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்துவிட்டது: இரும்புச் சுவர். ஒரு பெட்டிக்குள் இருக்கும் மீன் நாற்றம் அடுத்த பெட்டித் துணிக்குப் போகாது. மென்பொருள் கன்டெய்னருக்கு அந்தப் படம் பொருந்தாது. எனக்குச் சரியாகப் படும் படம் ஒண்டுக்குடித்தனம். விர்ச்சுவல் மெஷின் என்பது தனித்தனி வீடு. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கெர்னல். கன்டெய்னர்கள் ஒரே வீட்டில் தட்டி வைத்து மறைத்துக் குடியிருக்கும் குடும்பங்கள். கிணறு ஒன்று, வாசல் ஒன்று, கூரை ஒன்று. அந்தக் கிணறுதான் கெர்னல். அதில் யாராவது எதையாவது கலந்துவிட்டால் எல்லா வீட்டுக்கும் அதே தண்ணீர்தான்.

ஒண்டுக்குடித்தனத்தை நான் குறை சொல்லவில்லை. வாடகை குறைவு, உடனே குடி போகலாம். கூட இருப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1979: பார்வையை மட்டும் மாற்றிய கட்டளை

முதல் தட்டி யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்தது. சிஎச்-ரூட் என்ற சிஸ்டம் கால். வேலை ரொம்ப எளிது: ஒரு ப்ராசஸுக்கு "இந்த ஃபோல்டர்தான் உன் உலகத்தின் உச்சி" என்று சொல்லிவிடுவது. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு முழு சிஸ்டத்தை ஓடுகிற சிஸ்டத்துக்குள்ளேயே தனி ஃபோல்டரில் கட்டிச் சோதிக்க வசதியான கருவி.

இது பாதுகாப்புக்கான வேலி இல்லை என்பதற்கு ஒரே ஆதாரம் போதும். உள்ளே ரூட் உரிமையோடு இருப்பவர் வெளியே வரும் வழி யூனிக்ஸ் உலகத்தில் ஊரறிந்த ரகசியம். சிஎச்-ரூட் "உச்சி"யை மாற்றும். ஆனால் ப்ராசஸ் இப்போது நின்றுகொண்டிருக்கும் இடத்தை மாற்றாது. ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் ஃபோல்டர்களையும் மூடாது. ஆக, உள்ளே இன்னொரு ஃபோல்டரைச் செய்து, நகராமல் நின்றபடியே அதை உச்சியாக அறிவித்தால், நாம் நிற்கும் இடம் புது உச்சிக்கு வெளியே போய்விடும். அங்கிருந்து "மேலே, மேலே" என்று ஏறினால் உண்மையான உச்சி வந்துவிடும். கதவைப் பூட்டிவிட்டு ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்திய கதை.

இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 45 வருஷம் கழித்து இதே ஆள் திரும்ப வருவார்.

சிறை என்ற சொல்

1991 ஜனவரியில் ஏடி&டி பெல் லேப்ஸில் பில் செஸ்விக் என்பவர் ஒரு திருடனோடு விளையாடினார். எங்கிருந்தோ ஒருவன் பழைய மெயில் ஓட்டை வழியாகப் பாஸ்வேர்டு கோப்பைக் கேட்டான். செஸ்விக் மறுக்காமல், போலிக் கோப்பு ஒன்றைத் தயாரித்து அனுப்பினார். பிறகு சிஎச்-ரூட்டை வைத்து ஒரு போலி இடத்தையே அமைத்து அவனை உள்ளே விட்டு, மாதக்கணக்கில் அவன் விரல் அசைவுகளைக் கவனித்தார். அந்த அமைப்பை அவர் "ஜெயில்" என்று அழைத்தார். அந்தச் சிறை, திருடனை அடைத்து ஊரைக் காப்பாற்ற வந்தது இல்லை. அவனை வேடிக்கை பார்க்க வைத்த கண்ணாடி அறை அது.

அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் கிடைத்தது 2000 மார்ச்சில், ஃப்ரீபிஎஸ்டி 4.0 வந்தபோது. பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய "ஜெயில்" அதில் இடம்பெற்றது. காம்பும் ராபர்ட் வாட்சனும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் பிரச்சினை ரொம்பத் தெளிவானது: யூனிக்ஸில் ரூட் என்றால் எல்லாம் வல்லவர், பாதி ரூட் என்று ஒருவர் கிடையாது. ஒரே கம்ப்யூட்டரில் பல வாடிக்கையாளர்களின் வெப்சைட்டை வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு ரூட் கொடுக்க வேண்டும், ஒருவர் ரூட் இன்னொருவரைத் தொடவும் கூடாது. இதற்காகக் கெர்னலிலேயே சிறை என்ற கருத்தைப் புகுத்தினார்கள். அதே தேவையை மனதில் வைத்து 2005இல் வெளிவந்த சொலாரிஸ் 10இல் "சோன்" வந்தது.

இந்த இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு. "பக்கத்தில் இருப்பவர் அந்நியர்" என்ற எண்ணத்தோடு தொடங்கியவை. கட்டும்போதே வீட்டுக்காரருக்குச் சந்தேகம் இருந்தது. லினக்ஸ் வேறு வழியில் போனது.

லினக்ஸ்: பல கைகள், பல காரணங்கள்

லினக்ஸில் யாரும் உட்கார்ந்து சிறையை வரையவில்லை. செங்கற்கள் ஒவ்வொன்றாக, வேறு வேறு ஆட்களால், வேறு வேறு தேவைக்காக வந்தன.

ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டும் "கேபபிலிட்டி" 1999இல், 2.2 கெர்னலோடு. ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்கும் பார்வையைப் பிரிக்கும் முதல் நேம்ஸ்பேஸ் 2002இல். ப்ராசஸ் எண்களுக்கான நேம்ஸ்பேஸ் 2008இல். ஒரு குழு ப்ராசஸ்கள் எவ்வளவு சிபியு, மெமரி எடுக்கலாம் என்று அளந்து கொடுக்கும் சி-குரூப்பை 2006இல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலில் அது சேர்ந்தது. அவர்கள் கவலை திருட்டு இல்லை, பங்கீடு. ஒரே மெஷினில் பல வேலைகளை நெருக்கி ஓட்டும்போது ஒருவர் சாப்பாட்டை இன்னொருவர் தின்றுவிடக் கூடாது.

செக்-காம்பின் பிறப்பு இன்னும் சுவாரசியம். 2005இல் ஆந்திரேயா ஆர்க்காஞ்செலி இதைக் கொண்டுவந்தது, சும்மா கிடக்கும் சிபியு நேரத்தை இணையத்தில் அந்நியர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு திட்டத்துக்காக. அந்தத் திட்டம் எடுபடவில்லை, கருவி மட்டும் தங்கிவிட்டது. 2012இல் அதற்கு நாமே விதி எழுதிக்கொள்ளும் வசதி வந்தது. அதைச் செய்த வில் ட்ரூரியின் மனதில் இருந்தது குரோம் பிரவுசர். எஸ்இலினக்ஸ் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிடமிருந்து வந்தது.

கடைசியாக, என் பார்வையில் மிக முக்கியமான செங்கல்: யூசர் நேம்ஸ்பேஸ். உள்ளே ரூட், வெளியே சாதாரண ஆள் என்று ஒரே ப்ராசஸுக்கு இரண்டு அடையாளம் கொடுப்பது. காம்பின் பழைய பிரச்சினைக்கு லினக்ஸ் சொன்ன பதில் இதுதான். பயன்படுத்தும் நிலைக்கு இது வந்தது 2013 பிப்ரவரியில், 3.8 கெர்னலில்.

அடுத்த மாதமே டாக்கர் வந்துவிட்டது.

2013: ஐந்து நிமிட மேடை

2013 மார்ச்சில் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடத்துக்குள் டாக்கரைக் காட்டினார். கெர்னலின் செங்கற்களில் அவர் நிறுவனம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. சேர்த்தது வசதி: ஒரு கோப்பில் செய்முறை எழுதினால் இமேஜ் தயார், ஒரு கட்டளையில் அனுப்பலாம், ஒரு கட்டளையில் ஓட்டலாம். "என் லேப்டாப்பில் ஓடுதே" என்ற டெவலப்பரின் பழைய புலம்பலுக்கு மருந்து. உலகம் அள்ளிக்கொண்டது, அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் தொடக்க டாக்கரில் யூசர் நேம்ஸ்பேஸ் இல்லை. உள்ளே இருக்கும் ரூட், வெளியே இருக்கும் ரூட்டேதான். இடையில் இருப்பது சில தட்டிகள். டாக்கரின் பின்னணிச் சேவையும் ரூட்டாக ஓடியது. அதனிடம் பேசும் சாக்கெட்டைத் தொட முடிந்தவர் எல்லோரும் மெஷினுக்கே ரூட் என்றுதான் அர்த்தம்.

2014 ஜூனில் டாக்கர் 1.0 வெளியான சில நாட்களில், செபாஸ்டியன் க்ராமர் "ஷாக்கர்" என்ற சிறு நிரலை வெளியிட்டார். கன்டெய்னருக்குள்ளிருந்து வெளி மெஷினின் பாஸ்வேர்டு கோப்பைப் படித்துக் காட்டியது அது. 1.0க்கு முந்தைய டாக்கர், ஆபத்தான கேபபிலிட்டிகளுக்கு ஒரு பட்டியல் போட்டு அவற்றை மட்டும் பறித்தது. எந்தக் கோப்பையும் அனுமதி பார்க்காமல் படிக்க உதவும் ஒரு கேபபிலிட்டி பட்டியலில் விடுபட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு, பெயரால் கேட்காமல் உள் எண்ணால் கோப்பைக் கேட்டால் தட்டி மறைக்கவில்லை. உச்சி ஃபோல்டரின் எண் பெரும்பாலும் 2; ஊகிக்கக்கூடக் கஷ்டப்பட வேண்டாம்.

1.0இல் இது வேலை செய்யவில்லை. ஏனென்றால் அதற்குள் டாக்கர் வழியை மாற்றியிருந்தது: தடுப்பதைப் பட்டியல் போடாமல், அனுமதிப்பதைப் பட்டியல் போட்டது. இன்றும் கெர்னலில் உள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட கேபபிலிட்டிகளில் 14 மட்டுமே டாக்கர் கன்டெய்னருக்கு இயல்பாகக் கிடைக்கும். 2016 பிப்ரவரியில் 1.10 பதிப்பில் செக்-காம்ப் வடிகட்டி இயல்பாகவே சேர்ந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்களில் சுமார் 44ஐ அது மறுத்துவிடும். யூசர் நேம்ஸ்பேஸ் ஆதரவும் அதே பதிப்பில் வந்தது, ஆனால் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்ற அளவில்.

கூகுள் யாரை நம்பியது?

2014 ஜூனில் கூகுள் குபர்நெட்டிஸை வெளியிட்டது. 2015 ஜூலையில் 1.0. கிரேக்கத்தில் மாலுமி என்று பொருள். கப்பல் உவமை விடுவதாக இல்லை. ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை எந்த மெஷினில் வைப்பது, செத்தால் யார் எழுப்புவது என்பதைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. இதன் மூதாதை, கூகுளுக்குள் பல வருஷமாக ஓடிய "போர்க்".

2015இல் வெளியான போர்க் கட்டுரையில் பாதுகாப்பு பற்றிச் சில வரிகளே உண்டு. என் கண்ணில் அந்தக் கட்டுரையின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. ஒரே மெஷினில் ஓடும் தங்கள் வேலைகளைப் பிரிக்க முதன்மையாகச் சிஎச்-ரூட் சிறையைத்தான் பயன்படுத்தியதாகச் சொல்கிறார்கள். ஆம், அதே 1979 சமாச்சாரம். ஆனால் வெளியாட்களின் மென்பொருளை ஓட்டும்போது விர்ச்சுவல் மெஷினும் தனிப் பாதுகாப்புக் கூண்டும் போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர்களுக்கு ஒண்டுக்குடித்தனம், அந்நியருக்குத் தனி வீடு. உள்ளே ஓடும் நிரலை எழுதியவர் சக ஊழியர், யார் எப்போது ஏற்றினார் என்ற பதிவு உண்டு, தவறு செய்தால் கூப்பிட்டுக் கேட்கலாம். அந்தச் சூழலில் தட்டி போதும். பிறகு அந்த அனுபவத்தில் பிறந்த கருவி உலகத்துக்கு வந்தபோது, தட்டிதான் வந்தது. தட்டியைப் போதுமானதாக வைத்திருந்த நம்பிக்கைச் சூழல் கூட வரவில்லை.

ஆரம்ப குபர்நெட்டிஸின் இயல்பு அமைப்புகளில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். எந்தப் பாட் எந்தப் பாடோடும் பேசலாம்; தடுக்கும் நெட்வொர்க் பாலிசி நிலைபெற்றது 2017இல். யார் என்ன செய்யலாம் என்று பதவி வாரியாகப் பிரிக்கும் ஆர்பேக் நிலைபெற்றதும் 2017இல்தான். அதற்கு முன் பல கிளஸ்டர்களில் உள்ளே வந்தவர் எல்லோருமே முதலாளி. ஒவ்வொரு பாடுக்குள்ளும் ஏபிஐ சர்வரோடு பேச ஒரு டோக்கன் கேட்காமலே வைக்கப்பட்டது. சீக்ரெட் என்று பெயர் வைத்ததை பேஸ்64 ஆக்கிச் சேமித்தார்கள். அது பூட்டு இல்லை, திரைச்சீலை.

இன்னொரு வேடிக்கை. 2016 முதல் டாக்கர் இயல்பாகக் கொடுத்த அந்தச் செக்-காம்ப் வடிகட்டி, அதே டாக்கரைக் குபர்நெட்டிஸ் ஓட்டும்போது அணைக்கப்பட்டது. ஏற்கெனவே ஓடுவது எதுவும் உடைந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. எல்லா நோடுகளிலும் அதை இயல்பாகப் போடும் வசதி 2023இல் 1.27 பதிப்பில் நிலைபெற்றது. இன்றும் அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் சோதித்தபோது இருந்த காவல், ப்ரொடக்‌ஷனில் இல்லை. இதை டெவலப்பர் எப்படி ஊகிப்பார்?

2018: பில் வந்த வருஷம்

2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. டெஸ்லாவின் குபர்நெட்டிஸ் நிர்வாகப் பக்கம் ஒன்று பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. உள்ளே புகுந்தவர்கள் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சிபியுவைக் குறைவாகவே எடுத்தார்கள், வெளித் தொடர்பை கிளவுட்ஃப்ளேர் பின்னால் மறைத்தார்கள். யாருக்கும் உறுத்தக் கூடாது இல்லையா? கவலைப்பட வேண்டியது அது அல்ல. ஒரு பாடுக்குள் அமேசான் கிளவுடின் சாவிகள் இருந்தன. அவற்றின் வழியே வாகனத் தகவல்கள் இருந்த சேமிப்பிடத்துக்குப் பாதை இருந்தது. கன்டெய்னரின் சுவரை யாரும் உடைக்கவே இல்லை. வாசல் திறந்திருந்தது, சாவிக்கொத்து ஆணியில் தொங்கியது.

அதே வருஷம் மே மாதம் டாக்கர் ஹப்பிலிருந்து 17 இமேஜ்கள் நீக்கப்பட்டன. ஒரே கணக்கிலிருந்து ஏற்றப்பட்டவை, சாதாரணப் பெயர்கள், உள்ளே நாணயம் தோண்டும் நிரல். ஐம்பது லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தன. இங்கேயும் சுவருக்கு வேலை இல்லை. திருடனை நாமே பெட்டியில் வைத்து வீட்டுக்கு வரவழைத்தோம்.

டிசம்பரில் குபர்நெட்டிஸின் முதல் பெரிய ஓட்டை வெளியானது: சிவிஇ-2018-1002105, பத்துக்கு 9.8 தீவிரம். ஏபிஐ சர்வர் வழியாக நீண்டநேர இணைப்பு ஒன்றைத் தவறாகக் கேட்டால், பின்னால் இருக்கும் சேவை "முடியாது" என்று சொன்ன பிறகும் இணைப்பு திறந்தே இருக்கும். அதில் அடுத்து அனுப்புவதெல்லாம் ஏபிஐ சர்வரின் சொந்த அதிகாரத்தில் போய்ச் சேரும். வழக்கமான தணிக்கைப் பதிவில் தடயமும் கிடைக்காது. சுவரைப் பற்றி எவ்வளவு பேசினாலும், சாவி வைத்திருக்கும் மேஸ்திரியை ஏமாற்றினால் போதும் என்று அன்றைக்குப் புரிந்தது.

2019, 2024: பழைய ஆள் திரும்ப வந்தார்

2019 பிப்ரவரியில் சுவரே உடைந்தது. டாக்கருக்கும் குபர்நெட்டிஸுக்கும் அடியில் கன்டெய்னரை உண்மையில் உருவாக்கும் சிறு நிரலுக்கு ரன்-சி என்று பெயர். ஓடும் கன்டெய்னருக்குள் ஒரு கட்டளையை ஓட்டச் சொன்னால், ரன்-சி ஒரு கணம் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே காத்திருக்கும் கெட்ட நிரல் அந்தக் கணத்தில் ரன்-சியின் மூலக் கோப்பைப் பிடித்து, அதன் மேலேயே எழுதிவிடலாம் என்று ஆடம் இவானியுக், போரிஸ் போப்லாவ்ஸ்கி இருவரும் காட்டினார்கள். அடுத்த தடவை ரன்-சி ஓடும்போது மெஷின் முழுக்க அவர்கள் கையில். சிறையைச் சோதிக்க வந்த காவலரின் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வெளியே நடப்பது போல. யூசர் நேம்ஸ்பேஸைச் சரியாகப் போட்டிருந்தவர்களுக்கு இது பலிக்கவில்லை: உள்ளே இருக்கும் ரூட்டுக்கு வெளியே இருக்கும் கோப்பில் எழுத உரிமை இல்லை.

2024 ஜனவரி 31 அன்று ரன்-சியில் இன்னொன்று: சிவிஇ-2024-21626. "லீக்கி வெசல்ஸ்" என்று பெயர் வைத்த ஓட்டைக் கூட்டத்தில் முக்கியமானது. கன்டெய்னரைத் தொடங்கும்போது, வெளி மெஷினின் ஒரு ஃபோல்டரைத் திறந்ததை ரன்-சி உரிய நேரத்தில் மூடவில்லை. இமேஜ் எழுதுபவர், "என் நிரல் இந்த இடத்தில் நின்று தொடங்கட்டும்" என்று அந்தத் திறந்த ஃபோல்டரைச் சுட்டிக்காட்டினால் போதும். கன்டெய்னர் பிறக்கும்போதே அதன் கால் வெளியே இருக்கும். அங்கிருந்து மேலே, மேலே.

ஆமாம், 1979. உச்சியை மாற்றினார்கள், நிற்கும் இடத்தைச் சரிபார்க்கவில்லை, திறந்ததை மூடவில்லை. இடையில் சிஎச்-ரூட்டை விட வலுவான முறைக்கு எல்லோரும் மாறியாகிவிட்டது. நேம்ஸ்பேஸ், கேபபிலிட்டி, செக்-காம்ப் என்று ஏழு அடுக்கு வந்துவிட்டது. ஓட்டையின் வடிவம் மட்டும் அப்படியே இருந்தது. இந்த இரண்டு தேதிகளும் என் குறிப்பேட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

குழுக்களுக்கு இந்த வரலாறு எதற்கு?

கன்டெய்னர் பாதுகாப்பு என்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் சரிபார்ப்புப் பட்டியல்கள். 2021 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் என்எஸ்ஏவும் சிசாவும்கூட ஒரு வழிகாட்டி வெளியிட்டன. பட்டியல் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. அது தெரியாதவரை அந்த வரி, டெட்லைன் நெருங்கும்போது முதலில் கழற்றிவிடப்படும் வரியாகவே இருக்கும்.

ரூட்டாக ஓட்டாதே என்பதற்குப் பின்னால் காம்பின் 2000ஆம் ஆண்டுக் கவலையும், 2019 ரன்-சியும் இருக்கின்றன. எல்லாக் கேபபிலிட்டியையும் பறித்துவிட்டுத் தேவையானதை மட்டும் கொடு என்பதற்குப் பின்னால் ஷாக்கர். டாக்கர் சாக்கெட்டைக் கன்டெய்னருக்குள் கொடுக்காதே என்பது, உள்ளே இருப்பவருக்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதே என்பதுதான். செக்-காம்பைக் கையால் போடு என்பது, அது தானாக வராது என்ற அந்த வேடிக்கைக்காக. தேவையில்லாத பாடுக்கு ஏபிஐ டோக்கன் வேண்டாம், கிளவுட் சாவியைப் பாடுக்குள் போட்டுவைக்காதே என்பவை டெஸ்லா பாடம். இமேஜை "லேட்டஸ்ட்" என்ற பெயரால் இழுக்காமல் அதன் ஹாஷ் எண்ணால் இழு, கையெழுத்தைச் சரிபார் என்பதற்கு அந்த 17 இமேஜ்கள். எந்த இமேஜுக்குள் என்ன லைப்ரரி இருக்கிறது என்று பட்டியல் வைத்துக்கொள் என்பதற்கு 2021 டிசம்பரின் லாக்4ஷெல். அன்று பல குழுக்களுக்குப் பிரச்சினை திருத்துவதில் இல்லை, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான்.

இத்தனைக்கும் பிறகு "டெவலப்பர்களுக்குப் பாதுகாப்பு தெரியவில்லை" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இந்த வரலாற்றில் நான் பார்ப்பது தெரியாமை அல்ல, இயல்பு அமைப்புகளின் பலம். இயல்பாக எது வருகிறதோ அதுதான் ஓடும். பாட்களைக் கட்டுப்படுத்த வந்த பிஎஸ்பி என்ற அமைப்பைப் பாருங்கள்: கடைசிவரை பீட்டா நிலையிலேயே இருந்தது, பயன்படுத்தச் சிக்கலாக இருந்தது, 2021இல் கைவிடப்போவதாக அறிவித்து 2022 ஆகஸ்ட்டில் 1.25 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது மூன்றே நிலை: எல்லாம் அனுமதி, அடிப்படை, கட்டுப்பாடு. ஒரு நேம்ஸ்பேஸுக்கு ஒரு லேபிள் ஒட்டினால் முடிந்தது. எளிதாக இருப்பதே பயன்படுத்தப்படும் என்று அவர்களே கற்றுக்கொண்ட பாடம் அது. ஆனால் லேபிள் ஒட்டாவிட்டால்? எல்லாம் அனுமதிதான்.

யூசர் நேம்ஸ்பேஸ் கதையும் இதேதான். கெர்னலில் 2013. டாக்கரில் விருப்பத் தேர்வாக 2016. குபர்நெட்டிஸில் அந்த வசதி கேட்பவர்க்கெல்லாம் தயாராகக் கிடைக்கத் தொடங்கியது 2025 ஏப்ரலில், 1.33 பதிப்பில். பன்னிரண்டு வருஷம். இன்னும்கூட ஒவ்வொரு பாடும் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்க ஒரு வரிதான்; உங்கள் குழு கேட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பக்கம், தனி வீட்டுக்குத் திரும்பும் போக்கும் உண்டு. 2017 இறுதியில் கேட்டா கன்டெய்னர்ஸ், 2018 மே மாதம் கூகுளின் ஜி-வைசர், அதே ஆண்டு நவம்பரில் அமேசானின் ஃபயர்கிராக்கர். மூன்றும் மூன்று வழி. நோக்கம் ஒன்று: கன்டெய்னரின் வசதி வேண்டும், கிணறு மட்டும் தனியாக வேண்டும். இவற்றில் இரண்டு, அந்நியரின் நிரலை ஓட்டிப் பிழைக்கும் கிளவுட் நிறுவனங்களிடமிருந்தே வந்தன என்பதைக் கவனியுங்கள். போர்க் கட்டுரையின் அந்தச் சில வரிகள்தான் இங்கே விலை போட்டு விற்கப்படுகின்றன.

இப்போது அந்தக் கேள்வி மறுபடி அவசரமாகிறது. மனிதர் யாரும் படித்துப் பார்க்காத, செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலை அப்படியே ஓட்டும் பழக்கம் வந்துவிட்டது. "கவலைப்படாதீங்க, கன்டெய்னருக்குள்ளதான் ஓடுது" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அந்த நிரல் நம் சக ஊழியர் எழுதியதா, அந்நியர் எழுதியதா? எனக்கு அது அந்நியர் கணக்கில்தான் வருகிறது. அப்படியானால் அதை எந்த வீட்டில் குடிவைப்பது என்பதைத் தட்டி வைத்த பிறகு யோசிக்கக் கூடாது, அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.